யாரும் நேர்ந்துவிடாத பன்றி

நேற்று சாயங்காலம் பம்பாய் லோக்கல் ரயிலில் நின்றபடி போனில் செய்திகளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். எங்கோ ஒரு தீவில் மட்டும் வாழ்ந்த காட்டுப்பன்றி, காடு போனதால் பூண்டோடு அற்றுப்போய்விட்டதாம். படத்தைப் பார்த்ததும் போனைக் கண்ணருகே கொண்டுபோனேன். இவனை எனக்குத் தெரியுமே! திலக் நகரில் இறங்க மறந்து செம்பூர் வரை போய்விட்டேன்.

என் இளவயதில் நாங்கள், நம் ஊர்க்காரர்கள் நிறைந்த லேபர் கேம்பில் இருந்தோம். கொஞ்சம் நடந்தால் காடி, அதாவது கழிமுகம். சேற்று நாற்றம் மூக்கைத் துளைக்கும். கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு மண்திட்டு, தண்ணீர் ஏறினால் தீவாகிவிடும். அங்கேதான் அந்தப் பன்றி. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா தினமும் கரையில் பழங்கஞ்சி ஊற்றிவிட்டு வருவாள்.

ஊரில் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட பன்றியை, கோயில் கொடைவிழா வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். இதுவும் அப்படித்தான் என்று கேம்பே நம்பியது. யார் நேர்ந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். காடியைத் தூர்க்க மண் கொட்ட வந்த லாரியைக்கூட, "சாமி பன்னி கெடக்கு, அங்கிட்டுப் போ" என்று விரட்டினார்கள்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். தலைகால் புரியாத பருவம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஒரு பழைய விலங்குப் படப்புத்தகம் வாங்கிப் புரட்டினால், அதே கோரைப்பல், சீப்பு நட்டதுபோல் அதே முதுகுமயிர்! காடிக்கரைக்கு ஒரே ஓட்டம். சேற்றில் ஒரு செருப்பு போனதுகூடத் தெரியவில்லை.

"அக்கா, இது ஒருத்தரும் நேந்துவிட்டதில்ல. ஜங்லி பன்னி. பம்பாய்க்குள்ள காட்டுப்பன்னி!"

"மெதுவாச் சொல்லுல" என்றாள் பேச்சியக்கா.

மெதுவாகவா சொன்னேன்? தண்ணீர்க் குழாயடி, டீக்கடை என்று ஓரிடம் விடாமல் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். கேட்டவர்களுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆறேழு பேர் வலையும் கம்புமாகத் திட்டுக்குப் போய்விட்டார்கள். சாமி பன்றி இல்லை என்று ஆனபிறகு என்ன பயம்? கண்டுபிடித்தவன் என்று எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு கறி வந்தது. பேச்சியக்கா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

லாரிகளை விரட்ட அதற்குப்பிறகு ஒருவரும் போகவில்லை. மழைக்கு முன்பே திட்டு மூடிப்போயிற்று. கண்டல் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. இப்போது அங்கே போனால் காடி எதுவரை இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரிவதில்லை. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அது இன்னும் கொஞ்சநாள் சாமி பன்றியாகவே இருந்திருக்கும்.