சத்தம் பத்தலைங்க!

கார் ஸ்பீக்கர் தொழிலில் கதவைக் கழற்றி மாட்டுவது சுலபம்; வண்டிக்காரரைத் திருப்தியாக அனுப்பி வைப்பதற்குள்தான் இடுப்பு ஒடிந்துவிடும். ஓசூரில் பன்னிரண்டு வருஷமாக ஒடிந்துகொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பிழைக்கும் என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இடது பக்கம்

தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர். புது ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு போனவர் மறுநாளே வந்து, "லெஃப்ட் சைடு பாடவே இல்லைங்க" என்றார். வயரை மாற்றினேன். இரண்டு நாளில் திரும்ப வந்தார். ஸ்பீக்கரையே மாற்றினேன். மூன்றாம் முறையும் அதே புகார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. டிரைவர் சீட்டிலேயே முட்டி போட்டு, பின்பக்கம் பார்த்துத் திரும்பச் சொன்னேன். பாட்டைப் போட்டேன். "இப்ப லெஃப்ட் நல்லா பாடுது. ரைட்தான் அடங்கிப்போச்சு" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. மெதுவாக இறங்கி, இடது காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பதினெட்டு வருஷமா தகடு அடிக்கிற ப்ரெஸ் மிஷின் பக்கத்துல நிக்கறேங்க. ஸ்பீக்கர் கோளாறா இருந்தா மாத்திக்கலாமேன்னுதான் திரும்பத் திரும்ப வந்தேன்."

மூன்று பாஷை

சூளகிரியிலிருந்து ஒரு குடும்பம். கணவர் தமிழ்ப் பாட்டைப் போட்டுப் பார்த்து ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். மனைவி கன்னடப் பாட்டைப் போட்டு, அது கரகரக்கிறது என்று வேறு ஜோடியைக் காட்டினார். மாமியாரோ தெலுங்குப் பாட்டு இரண்டிலுமே எடுபடவில்லை என்று சொல்லிவிட்டார். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடிவாகவில்லை. எனக்குப் பசியில் காது அடைத்தது. கடைசியில் மனைவிதான் வழி சொன்னார்: "மேப்புல வழி சொல்ற பொம்பளை குரல் எதுல தெளிவா கேக்குதோ, அதையே மாட்டுங்கண்ணா. வண்டியில நாங்க யாரும் பேசிக்கறதில்லை."

கதவுக்குள்ளே

பேரிகைக்காரர் ஒருவரின் பழைய கார். முன்கதவின் உள்தகட்டைக் கழற்றினால், அடியில் தூசியோடு ஒரு கல் தோடு கிடந்தது. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக விழுந்திருக்கிறது. இப்படிச் சில்லறை கிடைக்கும், ரசீது கிடைக்கும். தங்கம் கிடைத்தது அன்றைக்குத்தான். துடைத்து எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். டீயாவது வாங்கித் தருவார் என்று நினைத்தேன்.

அவர் கை நீட்டவில்லை. தோடு காணாமல் போனபோது, வீட்டில் வேலை செய்த அம்மாள்தான் எடுத்தாள் என்று பையைக் கொட்டிப் பார்த்தார்களாம்; தெருவே கூடி நின்றதாம். அவள் அழுதுகொண்டே ஊரை விட்டே போய்விட்டாளாம். "கெடைச்சுதே, சந்தோஷம்தானே" என்று நான் ஏதோ உளறினேன். தோட்டைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "அந்தம்மாவை எங்க போய்த் தேடறதுண்ணா?"

கிளை முறியும் சத்தம்

ஜவளகிரிக்காரர் ஒருவர், இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கராகக் கேட்டு மாட்டிக்கொண்டு போனார். ஒரே வாரத்தில் வந்து, "கழட்டிடுங்க" என்றார். வேலையில் ஏதும் குறையா என்று கேட்டேன்.

குறையில்லை. சாயங்காலம் பாட்டைக் கேட்டுக்கொண்டே காட்டோர ரோட்டில் வளைந்திருக்கிறார், எதிரே கிளையை முறித்துத் தின்றபடி யானை. பின்சீட்டில் பெண்டாட்டி, பிள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்த வழியிலேயே பின்னுக்கு ஓட்டித் தப்பியிருக்கிறார். சத்தத்தைக் குறைத்து வைத்தால் போதுமே என்று சமாதானம் சொன்னேன். தலையை ஆட்டினார்: "ஸ்பீக்கர் அருமையா பாடுதுண்ணா. ஆனா எங்க ரோட்டுல கிளை முறியற சத்தம்தான் எங்களுக்குக் கேக்கணும்."

ஊருக்கெல்லாம் பாட்டுக் கேட்க வழி செய்து கொடுக்கிற நான், இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டேனா என்றால், இல்லை.