பால் வராத கள்ளி

தருமபுரியில் வேலை கிடைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் குடிபோன வாடகை வீட்டில், முன்பு இருந்தவர்கள் ஒரு பூந்தொட்டியை ஜன்னலிலேயே விட்டுப் போயிருந்தார்கள். தடித்த இலைகள். தண்டுகள் முழ நீளத்துக்கு வளர்ந்து, பாரம் தாங்காமல் கம்பியில் சாய்ந்து கிடந்தன. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் குடும்பத்தில் செடி என்றால் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, ராகி, தக்காளி. விற்காமல் தின்னாமல் சும்மா பார்ப்பதற்கென்று ஒரு செடி எங்களுக்கு இருந்ததே இல்லை.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கள்ளிடா இது. வூட்டுக்குள்ள கள்ளி இருந்தா வெளங்குமா? தூக்கி எறி."

"கள்ளின்னா முள்ளு இருக்கும்மா."

"திருகுகள்ளிக்கு எங்கடா இருக்குது முள்ளு? இதான் காலேஜுல படிச்சதா?"

செல்போனில் படம் எடுத்துத் தேடினேன். 'கலஞ்சோ' என்று வந்தது. பூவுக்கு நாலு இதழ் என்றும் போட்டிருந்தது. ஒரு தண்டின் நுனியில் காய்ந்த பூங்கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை உதிர்த்து உள்ளங்கையில் வைத்து எண்ணினேன். நாலு! குதித்தே விட்டேன்.

"போன் சொன்னா ஆச்சா? வெட்டிப் பாரு. பால் வந்தா கள்ளி. வெளிய போயிரணும்."

காய் நறுக்கும் கத்தியால் ஒரு தண்டை வெட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வெறும் தண்ணீர்தான் கசிந்தது. அம்மா விரலால் தொட்டு, மோந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"பால் இல்லதான். ஆனா உள்ள வேணாம். பின்னாடி இருக்கட்டும். ஒரு பூ பூத்துக் காட்டட்டும், அப்புறம் ஜன்னல்ல வை."

அது போதும் எனக்கு. சாய்ந்து கிடந்தது புதிதாகத் துளிர்க்கட்டும் என்று எல்லாத் தண்டுகளையும் நாலு விரல் விட்டு நறுக்கிவிட்டேன். வெட்டிய துண்டுகள் பதினாலு. அவற்றை எப்படி நடுவது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. கிழங்குக் குச்சியைக் கரணை கரணையாக நறுக்கி ஈர மண்ணில் ஊன்றுவோமே, அதே மாதிரி பெயிண்ட் டப்பாக்களில் ஊன்றினோம். காலையும் மாலையும் தண்ணீர். அம்மாவே சொம்பு சொம்பாக ஊற்றினார்.

பத்தே நாளில் எல்லாம் அடியில் கறுத்து, கூழாகி, நாறியது.

"நல்ல கைராசிடா உனக்கு!"

"தண்ணி ஊத்துனது யாரும்மா?"

"ஏன், நீ தடுக்கறதுதான?"

அழுகியதை எண்ணிப் பார்த்தால் பதின்மூன்றுதான் இருந்தது. பதினாலாவது துண்டு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், நறுக்கும்போது தெறித்து விழுந்த இடத்திலேயே கிடந்தது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் வெட்டுவாய் காய்ந்து தழும்பு கட்டி, அதன் மேலே வெள்ளை வெள்ளையாக வேர்! அம்மாவின் மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன்: வெட்டியதை நிழலில் மூன்று நாலு நாள் காயவிட்டுத்தான் நட வேண்டுமாம். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடிக்குப் போய் நாங்கள் சொம்பைத் தூக்கியிருக்கிறோம்.

பின்னால் தொட்டியில் நறுக்கிவிட்ட அடிக்கட்டையும் சும்மா இல்லை. கணுவுக்குக் கணு இரண்டு துளிர் விட்டது. தினமும் பல் துலக்கியபடியே அதைத்தான் பார்ப்பேன். மண் காய்ந்தால்தான் தண்ணீர். அம்மா சொம்போடு வந்தால் குறுக்கே நின்றுகொள்வேன்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து அம்மா கத்தினார்.

"டேய் சாமி, ஓடியா! மொக்கு!"

ஓடினேன். மிளகு மிளகாகக் கொத்து மொட்டு.

"எடுத்து உள்ள வச்சிரட்டுமாம்மா?"

"மொக்குக்கா சொன்னேன்? பூவுக்குத்தான சொன்னேன்."

சிவப்பா, மஞ்சளா என்று இரண்டு வாரம் இருவரும் தினமும் குனிந்து பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒற்றைப் பூ விரிந்தது. இரண்டும் இல்லை, ஆரஞ்சு! தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மா அதற்குள் ஜன்னலில் இருந்த சீப்பு, கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒதுக்கியிருந்தார்.

"இருடா, அப்படியே கொண்டாந்துட்டான். அடியில எறும்பு. தட்டிட்டு வை."