மாலை போட்ட கம்ப்யூட்டர்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன் அறைதான் என் ஜெராக்ஸ் கடை. கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பது பிழைப்பு. ஆனால் அந்த ஆயுத பூஜை வாரம் ஒரு வரி கூட அடிக்க முடியவில்லை. கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில் என் மகளின் கணக்கு இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரிப்பேராங்க?" என்பார் வருகிறவர்.

"இல்லீங்க, கணக்கு போடுது."

"இவ்ளோ நாளாவா? ஜிஎஸ்டியா?"

மகள் பி.எச்டி. செய்கிறாள், நான் பத்தாவதோடு நின்றவன். ஒருநாள் கேட்டதற்கு, உள்ளங்கையில் துடைப்பத்தை நிமிர்த்தி நிறுத்திக் காட்டினாள். தொங்குகிற ஒரு கம்பியை மோட்டார் இப்படி நிமிர்த்தி நிறுத்த வேண்டுமாம். எந்த நேரத்தில் எவ்வளவு தள்ளினால் கரண்ட் கம்மியாகச் செலவாகும் என்பதுதான் கேள்வி.

"மத்த முறையில தேடினா, பக்கத்துல ஒரு விடை கிடைச்சதும் நின்னுடும்ப்பா. அதைவிட நல்லது இருக்கானு தெரியாது. நான் எல்லாத்தையும் இயற்கணித சமன்பாடா மாத்திட்டேன். தெரியாத எழுத்துங்கள ஒவ்வொண்ணா நீக்கினா, கடைசில ஒரே எழுத்து இருக்கற சமன்பாடு நிக்கும். அதுலேர்ந்து எல்லா விடையும் வந்துடும். எது கம்மினு அடிச்சு சொல்லலாம்."

நீக்க நீக்க சமன்பாடுகள் குட்டி போட்டுக்கொண்டே போகின்றன, அதனால்தான் இத்தனை நாள் என்றாள். இந்த முறையை விட்டுவிடச் சொல்லி அவளுடைய பேராசிரியர் ஏற்கெனவே சலித்துக்கொண்டிருந்தார். விஜயதசமி சாயந்தரத்துக்குள் கட்டுரையை அனுப்பாவிட்டால் இந்த வருஷம் போச்சு.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் வரைக்கும் ஓய்வு. மறுநாள் பூஜை முடிகிற வரை எதையும் தொட மாட்டோம்.

"இத மட்டும் நிறுத்தாதீங்கப்பா. நடுவுல நின்னா மொதல்லேர்ந்து போடணும்."

மனசு கேட்கவில்லை. ஆனாலும், சாமிக்குத் தெரியாததா, ஓடுகிறபடியே இருக்கட்டும் என்று விட்டேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். என் மனைவி கனமாக ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்து, பிள்ளை படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னும் பின்னும் தொங்கும்படி சாத்தினாள். கற்பூரம் காட்டிவிட்டு, வருஷா வருஷம் போகிறபடி மூவரும் அண்ணாமலையார் கோயிலுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது கடையில் சத்தமே இல்லை. திரை கறுத்துக் கிடந்தது. மகள் பெட்டியின் பின்னால் மாலைக்குள் கையை விட்டாள். அந்தப் பக்கத்துப் பூவெல்லாம் வெந்து துவண்டிருந்தது.

"இது காத்து வெளிய போற வழிம்மா. சூடேறி தானா அணைஞ்சிருக்கு."

"சாமியே அதுக்கு லீவு வுட்டுட்டாருடி," என்றாள் மனைவி, சமாதானம் சொல்வதாக நினைத்து.

"வாயை மூடறியா நீ?" என்று கத்திவிட்டேன். கத்தி என்ன பயன்? அவள் போட்டது பக்தியோடு. நெருப்பாய் நின்ற சாமியின் ஊரில் இருந்துகொண்டு, சூட்டைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை. அண்ணாமலையாரிடம் கோபித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"இன்னிக்கு பூஜையிலயே கிடக்கட்டும்ப்பா. நாளைக்கு போடறேன்."

"நாளை சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடியாது."

காலையில் பூஜை முடிந்ததும் அவளே மாலையை எடுத்தாள். வாடாத பூவாக ஒன்றைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, கணக்கை முதலிலிருந்து ஓடவிட்டாள். பெட்டிக்குள் விசிறி மறுபடி இரைந்தது. வாசலில் ஒருவர் மனுவோடு நின்றார்.

"இன்னிக்கு விஜயதசமிங்க, எது ஆரம்பிச்சாலும் நல்லா வரும்," என்றார், உள்ளே எட்டிப் பார்த்து.

தலையாட்டினேன். எனக்கு அன்றைக்கு எதுவும் ஆரம்பிக்க வேண்டாம்; ஏதாவது ஒன்று முடிந்தால் போதும் என்றிருந்தது.