உம்மா எண்ணிய ஊரிகள்

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கு வகுப்பில் எல்லாரும் எங்கே போய் வந்தோம் என்று சொல்லுவார்கள். ஒருத்தி கண்டி என்பாள். ஒருத்தி நுவரெலியாவில் குதிரையில் ஏறினேன் என்பாள். என் முறை வரும்போது நான் "கல்பிட்டிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அவசரமாக உட்கார்ந்துவிடுவேன். கல்பிட்டிப் பக்கம் என்றால் அவர்கள் கடற்கரையை நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் போனது சேற்றுக்கு.

உம்மா விஞ்ஞான டீச்சர். தில்லையடியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அவருடைய பள்ளிக்கூடம். மற்ற டீச்சர்மார் விடுமுறை வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கலியாண வீடுகளுக்குப் போவார்கள். உம்மா எதையாவது தேடிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். ஒரு வருடம் உப்பளத்துக்கு வரும் பறவைகள். அடுத்த வருடம் சேற்றுக்கு வெளியே ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்டல் மர வேர்கள். வாப்பாவும் நானும் தம்பியும் பின்னால் போவோம். எங்கள் குடும்பச் சுற்றுலா அதுதான். வாப்பாவிடம் சொந்தமாக ஓட்டோ இருந்ததால் வாகனம் ஒரு பிரச்சினையே இல்லை. போகிற இடம்தான் பிரச்சினை.

எனக்கு ஒன்பது வயதான வருடம் எங்கள் சுற்றுலா ஊரியின் பின்னால் போனது. கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் சேற்றில் ஊர்ந்து திரியும் விரல் நீள நத்தையை எங்கள் பக்கத்தில் ஊரி என்போம். உம்மாவின் வகுப்பில் ஒரு பிள்ளை, பாடம் கொஞ்ச நேரம் நின்றால் நல்லது என்ற எண்ணத்தில், "டீச்சர், களப்புல எத்தன ஊரி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு சிரித்திருக்கிறது. உம்மா சிரிக்கவில்லை. "தெரியாது. லீவுல எண்ணிப் பாத்திட்டுச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சொன்னதோடு நிற்காமல், கொழும்பில் நடக்கவிருந்த ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில் அதைப் பற்றிப் பேசுவதற்கும் எழுதிப் போட்டு இடமும் வாங்கிவிட்டார். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே.

களப்பு முழுவதையும் எண்ண முடியாது என்பது உம்மாவுக்கும் தெரியும். ஆலங்குடாவுக்குப் போகும் வழியில், களப்புப் பக்கமாக இறங்கும் மணல் ஒழுங்கையின் முடிவில் ஒரு கண்டல் காடு இருந்தது. அதில் ஒரு துண்டைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்வது. அதற்குள் இருநூறு ஊரியைப் பிடித்து, ஓட்டில் ஒரு பொட்டு வைத்து, திரும்ப விட்டுவிடுவது. ஒரு கிழமை கழித்துப் போய், கண்ணில் பட்டபடி நூறு ஊரியைப் பொறுக்குவது. அந்த நூறில் பொட்டு வைத்தது பத்து இருந்தால், இருநூறு என்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் மொத்தம் இரண்டாயிரம். குசினி மேசையில் அரிசியையும் பயறையும் கலந்து வைத்து உம்மா எங்களுக்கு இதை விளக்கினார். தம்பி பயறை மட்டும் பொறுக்கித் தின்றான்.

"ஒரு பொட்டு ஊரியும் கிடைக்காட்டி?" என்று நான் கேட்டேன்.

"திரும்ப முதல்ல இருந்து தொடங்கோணும்" என்றார் உம்மா.

எனக்கு அந்த ஒரு வசனம்தான் மனதில் நின்றது. ஏனென்றால் அந்த வருடம் வாப்பா எங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஊரி வேலை முடிந்ததும், லீவின் கடைசிக் கிழமை நுவரெலியா.

தண்ணீரில் அழியாத பொட்டுக்கு நெயில் பொலிஷ்தான் சரி என்று உம்மா முடிவு செய்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூ எடுக்கும்போது நகத்திலும் தண்ணீர் பட வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் நகத்துக்கு ஒன்றும் பூசுவதில்லை. அதனால் வாப்பா புத்தளம் டவுனில் தனக்குத் தெரிந்த ஒருவரின் கடைக்குப் போய் நாலு போத்தல் சிவப்பு நெயில் பொலிஷ் கேட்டபோது, கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாப்பாவைப் பார்த்தாராம்.

"யாருக்கு?"

"ஊரிக்கு."

"ஊருக்கா? ஊருக்கே பூசுறதெண்டா நாலு காணுமா?"

வாப்பா இதை வீட்டில் வந்து சொல்லி, தானே சிரித்து, இரவுச் சாப்பாட்டின்போது இன்னொரு முறையும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. கண்டல் காட்டுக்குள் மட்டும் காற்று இல்லை. சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரியைப் பொறுக்கி வாளியில் போட்டார். நான் துணியால் ஓட்டைத் துடைத்தேன். உம்மா ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, காய விட்டு, கொப்பியில் ஒரு கோடு போட்டார். பகல் திரும்பும்போது இருநூறும் முடிந்துவிட்டது. அவற்றைக் கயிற்றுக்குள் பரவலாக விட்டோம். ஐந்து நிமிடத்தில் ஒன்றையும் காணவில்லை. சேறு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதற்குள் யார் போய்ச் சிவப்பைக் கண்டுபிடிப்பது?

உம்மாவும் வாப்பாவும் பின்னேர அஸர் தொழுகைக்கு, பக்கத்தில் கருவாடு காய வைக்கும் ஒரு மாமியின் வீட்டுக்குப் போனார்கள். நானும் தம்பியும் ஓட்டோவுக்குள் இருந்தோம். மூடி திறக்காத ஒரு நெயில் பொலிஷ் போத்தல் என் காலடியில் இருந்தது. அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. நான் கயிற்றுக்குள் போய்க் கையில் பட்ட ஊரிக்கெல்லாம் பொட்டு வைத்தேன். துடைக்கவில்லை, காய விடவும் இல்லை. போத்தல் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்ததும் தம்பி குச்சியால் தன் பங்கைச் செய்தான். எத்தனை வைத்தோம் என்று நாங்கள் எண்ணவில்லை. எண்ணுவது உம்மாவின் வேலை.

அந்தக் கிழமை முழுவதும் நான் மிகவும் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

எட்டாம் நாள் திரும்பப் போனோம். முதல் ஊரியே சிவப்பு. உம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, எனக்கே ஒரு மெடல் கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும். நூறு பொறுக்கி முடித்தபோது அறுபது சிவப்பு இருந்தது. உம்மா சேற்றில் நின்றபடியே கணக்குப் போட்டார். திரும்பவும் போட்டார். பிறகு பேனையைக் காதில் செருகிக்கொண்டு சுற்றிவரப் பார்த்தார்.

"இந்தக் கணக்குப்படி இஞ்ச மொத்தமா முந்நூத்திச் சொச்சம் ஊரிதான் இருக்கு" என்றார். "ஆனா என்ட காலடியிலயே அவ்வளவு இருக்கே."

வாப்பா அப்போது குனிந்து எதையோ எடுத்தார். கழுவினார். உம்மாவிடம் நீட்டினார். "இதையும் சேத்துக்கொள்ளுங்க டீச்சர்" என்றார். அது ஒரு கல். நடுவில் பெரிய சிவப்புப் பொட்டு.

உம்மா கல்லைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தம்பி உடனே என்னைக் காட்டினான்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நுவரெலியாவையும் சொன்னேன். உம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம்தான் பயங்கரமாக இருந்தது. பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கல்லைக் கையில் வைத்தபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. "கல்லுக்குமா மகன்?" என்று தம்பியைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் வாப்பா மெதுவாகச் சொன்னார்: "கருத்தரங்கு நாளும் கிட்ட வந்திட்டு. சிவப்புல ஒரு அம்பதக் குறைச்சு எழுதினா யாருக்குத் தெரியப் போகுது?"

"கேள்வி கேட்ட புள்ளக்கு நான் என்னத்தச் சொல்ற?" என்றார் உம்மா.

அவ்வளவுதான் பேச்சு. கொப்பியில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அடியில் எழுதினார்: 'உதவியாளர்களின் அளவுகடந்த ஆர்வம் காரணமாக இது கைவிடப்படுகிறது.' உதவியாளர் என்றால் நாங்கள்தான் என்று தம்பிக்கு நான் விளக்கிச் சொன்னேன். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

வாப்பா திரும்பவும் டவுனுக்குப் போனார். இந்த முறை நீலம். கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லையாம்; போத்தல்களைச் சுற்றிக் கொடுக்கும்போது மட்டும், "ஊருக்குச் சிவப்புப் பிடிக்கல்லயோ?" என்றாராம்.

நீலப் பொட்டு வைத்த நாளிலிருந்து உம்மா எங்களைக் காவலில்லாமல் விடவில்லை. ஆனால் அந்தக் கிழமை, நுவரெலியா போயிருக்க வேண்டிய அந்தக் கிழமை, நான் நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை. கயிறு அப்படியே இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு நாளும் போவோம். வரும் வழியில் வாப்பா ஆலங்குடாக் கடற்கரைக்கு ஓட்டோவைத் திருப்புவார். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று அலைக்கு மேலால் பறப்பார்கள். தம்பி சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடுவான். வாப்பா வறுத்த கச்சான் கடலை வாங்கித் தருவார். உம்மா மணலில் உட்கார்ந்து கொப்பியை மடியில் வைத்தபடி, ஓடுகிற நண்டுகளைப் பார்ப்பார். அவருக்கு அடுத்த லீவு பற்றி ஏதோ யோசனை வருகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் விளங்கும்.

கடைசி நாள் வந்தது. ஊரி பொறுக்கத் தொடங்கினோம். பத்தாயிற்று, இருபதாயிற்று. நீலம் இல்லை. நாற்பதிலும் இல்லை. வாப்பா கயிற்றின் அந்தக் கோடிக்குப் போனார். யாரும் பகிடி விடவில்லை. ஐம்பதிலும் இல்லை. அதற்குப் பிறகு உம்மா எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டார். இனி முதலில் இருந்து தொடங்க நாளும் இல்லை. நான் எனக்குத் தெரிந்த குர்ஆன் சூறாக்களை எல்லாம் ஓதினேன். இந்த முறை பொட்டுப் போத்தலைக் கையால் தொடவில்லை என்பதையும் இறைவனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

அப்போதுதான் உம்மா கத்தினார்.

கையில் ஒரு ஊரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஓட முடியாது என்பதையே மறந்து, வாப்பாவை நோக்கி ஓடினார். ஓடியபடியே கூப்பிட்டார். 'இஞ்ச பாருங்க' என்று இல்லை. 'புள்ளைகள்ட வாப்பா' என்று இல்லை. வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. வாப்பாவின் பெயர் ஓட்டோவின் லைசென்ஸிலும் என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டிலும் இருக்கும் ஒன்று. உம்மாவின் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப ஏச்சு விழும்" என்றேன்.

வாப்பா ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு "வாறன்!" என்று பெரிதாகக் கத்திக்கொண்டு அவரும் ஓடி வந்தார். நடுவில் ஒரு செருப்பு சேற்றுக்குள் போயிற்று. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை. இருவரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி நின்று அந்த நீலப் பொட்டைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு இன்னும் எட்டு நீலம் கிடைத்தது. மொத்தம் ஒன்பது. உம்மா கணக்கைப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, கொப்பியை மூடினார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஊரி.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. எங்கள் நாலு பேருடைய காலும் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தம்பி உம்மாவின் மடியில் தூங்கிவிட்டான். எனக்கு மனது பொறுக்கவில்லை.

"உம்மா, ஏன் வாப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

உம்மா ஹிஜாபின் ஓரத்தை இழுத்து வாயை மூடிக்கொண்டார். வாப்பா முன்னால் இருந்த கண்ணாடியில் உம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாதையப் பாருங்க" என்றார் உம்மா.

வாப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு பாதையைப் பார்த்து ஓட்டினார். பாளாவி வரைக்கும் அது நேர் பாதை; முன்னாலும் பின்னாலும் வாகனம் இல்லை. மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எந்த நாளும் அவசரப்படுகிற மனிதர், அன்றைக்கு ஏன் ஒரு சைக்கிள் கூட எங்களைத் தாண்டிப் போகும் அளவுக்கு மெதுவாக ஓட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை. ஓட்டோவில் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டேன்.