தலையாட்டிய அங்கிளும் நாலாக உடைந்த முகமும்

மியூசியம் வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டருக்குப் பொறுமை கிடையாது. தண்ணீரில் கலந்த இருபதாவது நிமிடம் அது கல். அதற்குள் நீங்கள் செய்த கோமாளித்தனமெல்லாம் அதில் பதிந்துவிடும். என் கோமாளித்தனம் நூறு பேர் முன்னால் நடந்தது.

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன மியூசியம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சிற்பி செய்த தலைகள் நாற்பது அங்கே இருந்தன. அவர் கல்லறைக் கல் வெட்டுபவரின் மகன். இத்தாலிக்குப் போய்த் தொழில் கற்று வந்து, செனட்டர், நீதிபதி, ரயில் முதலாளி என்று வசதியானவர்களின் தலைகளைச் செய்தே பிழைத்தவர். அவர்களுக்கு நாள் கணக்கில் உட்கார நேரம் ஏது? அதனால் முகத்திலேயே பிளாஸ்டர் பூசி அச்செடுத்துவிடுவார். அதற்கு லைஃப் மாஸ்க் என்று பெயர். பிறகு அதைப் பார்த்துக் களிமண்ணில் செய்வார், களிமண்ணைப் பார்த்துப் பளிங்கில். நாற்பது பேருமே பல் டாக்டரிடம் காத்திருப்பவர்கள் மாதிரி இருப்பார்கள்.

நான் சென்னையில் சிற்பம் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, டிபென்டன்ட் விசாவில் எட்டு வருடம் வேலைக்குப் போக அனுமதியில்லாமல், வீட்டில் சப்பாத்தி மாவில் மூக்கு செய்துகொண்டிருந்தேன். அனுமதி வந்ததும் கிடைத்த முதல் வேலை இது. ஆறு மாத கான்ட்ராக்ட். அது முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்தச் சிற்பியின் கண்காட்சி தொடங்கியது. அந்த முதல் நாளிலேயே சிற்பியின் முறைப்படி ஒரு லைஃப் மாஸ்க்கை எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார் டைரக்டர். அது சரியாக வந்தால்தான் என்னை நிரந்தரமாக்கும்படி போர்டிடம் பேச முடியும் என்றும் சொல்லிவிட்டார்.

முகம் வேண்டுமே! இருபது நிமிடம் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு கிடக்க வேண்டும் என்றதும் வாலன்டியர்கள் நழுவிவிட்டார்கள். கடைசியில், பிரிட்ஜ்வாட்டரில் எங்களுக்குத் தெரிந்த சுந்தரம் அங்கிளுக்கு போன் செய்தேன்.

"பேசாம இருக்கறதுல எனக்கு முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்மா. வேணும்னா உங்க ஆன்ட்டியைக் கேளு" என்றார்.

அங்கிளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, முகத்திலும் மீசையிலும் வாசலின் தடவி, மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டுவிட்டுப் பூசினேன். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். டைரக்டர் கைகட்டி நின்று பார்த்தார். ஐந்து நிமிடம் ஒழுங்காகப் போனது.

முன்வரிசையில் இருந்த அங்கிளின் மனைவி விஜயா ஆன்ட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்று நான் சொன்னது மனதில் நின்றிருக்கிறது. "என்னங்க, ரொம்ப சூடா இருக்கா?" என்று கேட்டார். நம் ஊர்க்காரர்களுக்குத் தலையாட்டுவது பேச்சிலும் சேராது, அசைவிலும் சேராது. அங்கிள் இடமும் வலமுமாக இதமாகத் தலையாட்டினார். நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. இருக்கா இல்லையா என்று ஆன்ட்டி மறுபடி கேட்க, மறுபடி ஆட்டினார். கோடு மூக்கைத் தாண்டியது.

என் வேலையே கண்ணெதிரில் விரிசல் விடுகிறது. பதறிப்போய் அதைவிட முட்டாள்தனமான காரியம் ஒன்றைச் செய்தேன். குனிந்து அவர் காதருகே, "அங்கிள், தயவுசெஞ்சு தலையை ஆட்டாதீங்க, புரியுதா?" என்றேன்.

புரிந்தது என்று நன்றாகவே தலையாட்டினார்.

கூட்டத்தில் இருந்த நாலைந்து இந்தியர்கள் முதலில் வெடித்தார்கள். ஆன்ட்டி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கிளின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, சிரிப்பு ஜெயித்தது. வாய்ப் பக்கம் கடைசியாகப் பூசியதால் அங்கே இன்னும் இளக்கம் இருந்தது. கடைசியில் அச்சு நாலு துண்டாகக் கழன்று வந்தது, மீசையில் கொஞ்சத்தையும் பிடுங்கிக்கொண்டு.

டைரக்டர் துண்டுகளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சேர்த்துக் கட்டி உள்ளே பிளாஸ்டர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து அச்சைப் பிரித்தபோது உள்ளே, நெற்றியிலிருந்து தாடை வரை தழும்போடு, கன்னம் உப்பி, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன ஒரு மனிதர் இருந்தார். நாற்பது பெரிய மனிதர்களையும் விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் இவரைச் சுற்றிக்கொண்டது.

ஆன்ட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "கல்யாண ஆல்பத்துலகூட இந்த மனுஷன் இப்படிச் சிரிச்சதில்ல" என்றார்.

கூட்டம் கலைந்ததும் டைரக்டர் என்னை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய் ஓர் இழுப்பறையைத் திறந்தார். எல்லாம் அந்தச் சிற்பி உடைத்துக்கொண்ட அச்சுகள். ஒரு காது, ஒரு அரை வாய், யாரோ ஒரு நீதிபதியின் பாதி மூக்கு. கைதேர்ந்தவருக்கே இத்தனை போயிருக்கிறது என்றார். பிறகு, இதே நிகழ்ச்சியை மாதாமாதம் முதல் சனிக்கிழமை செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரைத் திறக்கும்போதுதான் உறைத்தது, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை என் கான்ட்ராக்டிலேயே இல்லை என்று. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். அவ்வளவு சந்தோஷம்.

பத்து வருடமாகிறது. நான் கற்றது இதுதான். அச்சு உடைந்தால் ஒளிக்காதீர்கள். சேர்த்துக் கட்டி ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் அழுங்கள். முகத்தில் பிளாஸ்டர் இருப்பவரிடம் நான் இப்போதெல்லாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவர் மனைவிக்கு மட்டும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவிடுகிறேன்.