வேடியப்பனின் இரண்டு தௌ

“மலைக்குப் போற வண்டியாங்க?” என்று கேட்டார் வேடியப்பன்.

தேசூரிலிருந்து வந்தவர் சாக்கைப் பிரித்துக்கொண்டே, “இல்லீங்க, கல்யாண வாடகைக்கு உடுற வண்டி” என்றார்.

“மாப்ளய ஏத்திகினு மலைப் பக்கம் போக மாட்டீங்களே?”

“இன்னாங்க நீங்க! மாப்ள மண்டபத்துக்குத்தான் போவாரு. மலைக்குப் போனா சாமியாராயிட மாட்டாரு?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். வேடியப்பன் சிரிக்கவில்லை. “அப்போ சரி, கொண்டாங்க” என்று சாக்கிலிருந்த கேம் ஷாஃப்ட்டை வாங்கினார். பிறகு தேசூர்க்காரர் போட்டிருந்த பட்டுச் சட்டையைப் பார்த்தார். “கோச்சிக்காதீங்க. கொஞ்சம் வெளிய நின்னுக்குங்க.”

பழைய அம்பாசிடர் எஞ்சினுக்குள் சுழலும் இரும்புத் தண்டு அது. அதில் எட்டு முட்டை வடிவப் புடைப்புகள் உண்டு. அவற்றின் மூக்குகள்தான் முறை வைத்து வால்வுகளைத் திறக்கின்றன. புது ஷாஃப்ட் கிடைப்பது அரிது. போளூர், கலசப்பாக்கம் பக்கத்திலிருந்தெல்லாம், பழைய இரும்புக் கடையில் அகப்பட்டதைச் சாக்கில் சுற்றி அவரிடம் எடுத்து வருகிறார்கள். எண் அழிந்திருக்கும், துரு ஏறியிருக்கும். முனையிலுள்ள காடிப் பள்ளத்தையும் நடுவிலுள்ள பற்களையும் தடவிப் பார்த்து, அது எந்த எஞ்சினுக்குரியது என்று சொல்வார். அதன் பிறகு ஒவ்வொரு மூக்கும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பார். அளக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் முதல் மூக்கிலிருந்து மறுபடி தொடங்குவார்.

அவர் பட்டறைக்கும் எங்கள் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். பவர்லூம் ஓடினால் அவருடைய அளவு காட்டும் டயல் கேஜின் முள் நடுங்கும். மின்சாரம் போனால் தெருவே சலித்துக்கொள்ளும். சுவருக்கு அப்பாலிருந்து மட்டும், “ஜல்தி, ஜல்தி” என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது கேட்கும்.

முன்பெல்லாம் எங்கள் கூடத்துக் கழிவுப் பட்டால்தான் ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரையும் துடைப்பார். ஆரணியில் அதற்குப் பஞ்சமில்லை; இரும்பில் கீறலும் விழாது. போன ஆடியில் தங்கவேலு ஒரு ஷாஃப்ட்டோடு வந்தார். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு அம்பாசிடர் ஓட்டுபவர் அவர். வேடியப்பன் அளந்துவிட்டு, “எட்டும் சரியா இருக்குது, எடுத்துனு போ” என்று அனுப்பினார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு மைக்ரோமீட்டரைத் துடைக்க எடுத்தார். அதன் வாயில் ஒரு பட்டிழை நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகளில் ‘தௌ’ என்பார்கள். “நசுங்குன இழை ரெண்டு தௌ இருக்கும்மா” என்றார் என்னிடம். “மூக்கு ரெண்டு தௌ தேஞ்சிருந்தாகூட, இழை நடுவுல பூந்துகினு சரியா இருக்கிறாப்பல காட்டிடும். ரெண்டு தௌ போச்சுனா இரும்போட கெட்டியான மேல் தோலு போச்சுனு அர்த்தம். அப்புறம் தேஞ்சிகினே போவும். ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்கும். வளைவுல நின்னுடுச்சுனா பின்னாடி பள்ளம்.”

இழை அளப்பதற்கு முன்பே இருந்ததா, அளந்த பிறகு ஒட்டியதா என்று அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து பட்டறைக்குள் பட்டு நுழைவதில்லை. பழைய பனியன் துணிதான்.

தங்கவேலுவிடம் எஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்று சொல்லத்தான் செய்தார். “வண்டி குதிர மாதிரி ஓடிகினு இருக்குது. நீ அதும் வயித்தக் கிழிச்சுப் பாக்கணும்ன்ற. பேஜார் பண்ணாதண்ணே!” என்று தங்கவேலு சிரித்துவிட்டுப் போனார். இழையைப் பற்றி வேடியப்பன் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தார், “டீ சாப்புடுறியா?” என்றுதான் வந்தது.

தங்கவேலு மலையேறும் நாள்களில் வேடியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பார். அவர் மனைவி சங்கீதா, “போன் அடிச்சா பாம்ப மிதிச்ச மாதிரி குதிக்கிறாரு. அத்த வித்துட்டு ஆட்டுக்குட்டி வாங்கலாம், அதுவாச்சும் கத்துனா பயப்பட மாட்டாரு” என்பாள். எதற்குப் பயம் என்று அவளுக்கும் தெரியாது. தெருவில் எந்த அம்பாசிடர் போனாலும் அவர் கை நின்றுவிடும். வால்வுச் சத்தத்தைக் காதால் பிடித்து, வண்டி மறையும்வரை பின்தொடர்வார்.

சில நாள்களுக்கு முன் தங்கவேலுவே போன் செய்தார். மறுநாள் ஒரு நிறைமாதப் பெண்ணை மலையிலிருந்து போளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர விடியலில் மேலே ஏறுகிறாராம். “உன் ஷாஃப்ட்டு தயவுதான்!” என்று உற்சாகமாகச் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. வேடியப்பன் “பாத்து, பாத்து” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். பிறகு எங்கள் கூடத்துக்குள் போய், தறியின் அடியில் கிடந்த ஓர் இழையை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். மேசையில் ஒரு பழைய ஷாஃப்ட் கிடந்தது.

“இத்தினி நாளா, இழை நடுவுல இருந்திருந்தா என் விரலுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சொல்லிகினு இருக்கேன். இப்போ பாத்துடலாம். நான் திரும்பி நிக்கிறேன். மூக்கு மேல இழைய வெக்கணும்னா வெய்யி, வேணாம்னா வுடு. எங்கிட்ட சொல்லாத. நான் கண்ண மூடிகினு அளக்குறேன்.”

“தெரியலைன்னா அண்ணா?”

அவர் தன் செல்போனில் தங்கவேலுவின் எண்ணை எடுத்து, அதை என் இன்னொரு கையில் வைத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மைக்ரோமீட்டரைப் பிடித்த கை மட்டும் பின்பக்கம் நீண்டிருந்தது.

“தெரியலைனா நீயே போன் போட்டு இழை மேட்டர சொல்லிடும்மா. போடாதன்னு நான் தடுப்பேன். அப்பவும் போடு.”