செல்வமணி அக்கா கேட்ட வேகத்தடை

நேற்று எங்கள் பிரதேச சபை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. மௌன அஞ்சலி இனிமேல் உறுப்பினர்களுக்கு இரண்டு நிமிடம், பொதுமக்களுக்கு ஒரு நிமிடம்.

விவாதம் முக்கால் மணித்தியாலம் நடந்தது. இரண்டு தரப்பும் ஒரே பக்கம் கை உயர்த்தியதை அந்த மண்டபத்தில் நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்த ஒரு நிமிடத்தை முதலில் பெற்றுக்கொண்டவர் செல்வமணி அக்கா. போன கிழமை ஆஸ்பத்திரியில் காலமானார். இருதயம்...

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருந்தவர். நான் சபையில் கடிதங்களைப் பதியும் லிகிதராக இருந்த ஒன்பது வருடமும் மாதம் ஒரு கடிதம் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாசலில் ஒரு வேகத்தடை வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாக் கடிதத்திலும் ‘கிடைக்கப்பெற்றது’ என்ற ரப்பர் சீலைக் கோணாமல் குத்தினேன். என் பங்களிப்பு அது.

பஸ் பிள்ளைகளை அக்காவின் கடைப்பக்கம்தான் இறக்கும். ஒருநாள் கல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று, ரோட்டைக் கடந்த பிள்ளையின் புத்தகப் பையைத் தட்டிக்கொண்டு போனது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

அடுத்த நாள் தொடக்கம் காலையில் மெஷினை நிறுத்திவிட்டு அக்கா ரோட்டில் இறங்கினார். சட்டைக்கு வெட்டி மிஞ்சிய சிவப்புத் துணி ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை மறுபக்கம் கூட்டிக்கொண்டு போய் விடுவார்.

“என்னக்கா, பொலிஸோ நீங்கள்?” என்று ஒரு டிப்பர்காரன் தலையை வெளியே நீட்டிக் கேட்டான்.

“இல்லையடா, டெயிலர். இறங்கி வா, உன்ர வாயையும் தைச்சு விடுறன்.”

அவர் எழுவைதீவில் பிறந்தவர். “எங்கட ஊரில ரோட்டைக் கடக்க ஒருத்தரும் பழக்கேல்லைத் தம்பி, கடலைக் கடக்கத்தான் பழக்கினவை. இது நான் இஞ்சை வந்து பழகினது” என்பார்.

ஒருமுறை சபை அவருக்குப் பதில் அனுப்பியது. எங்கள் வீதியின் அகலம் எங்களுக்குத் தெரியாத காரணத்தால், அதை அவரே அறியத்தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். கையொப்பம் சபைத் தவிசாளருடையது. எழுதியது நான்.

அக்கா தையல் டேப்பால் அளந்துகொண்டு வந்தார். பதினெட்டு அடி நாலு அங்குலம்.

“மடிப்புக்கு ரெண்டு அங்குலம் சேர்த்திருக்கிறன்.”

“ரோட்டுக்கு என்னக்கா மடிப்பு?”

“பிறகு வளர்ந்தால் அவிட்டு விடலாம். நீர் சீலைக் குத்தும்.”

குத்தினேன்.

பிறகு சபை, நிதி இல்லை, வெளிநாட்டில் யாரையாவது பிடியுங்கள் என்றது. தவறான ஆலோசனை அல்ல. எங்கள் தீவில் பஸ் நிற்கும் கொட்டில், தண்ணீர்த் தாங்கி, வரவேற்பு வளைவு எல்லாம் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தம்தான். பூங்காவிலுள்ள சீசோவின் ஒரு முனையில் அப்பாவின் பெயர், மறுமுனையில் அம்மாவின் பெயர். அப்பா ஏறும்போது அம்மா இறங்குவார்.

ஆனால் வேகத்தடைக்கு ஒருவரும் வரவில்லை. சுவிஸிலிருக்கும் தன் தம்பியிடமே அக்கா போனில் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அம்மான்ர பேரைப் போட்டு, அதுக்கு மேலால டிப்பரை ஏத்தவோ? விசரோ அக்கா உனக்கு?”

அதிலும் நியாயம் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அக்கா எழும்பி நின்றார். “அப்ப என்ர பேரைப் போடுங்கோ. ஆர் ஏறினாலும் நான் கோவிக்க மாட்டன்.”

தவிசாளர் பொறுமையாக விளக்கினார். “அக்கா, ஞாபகார்த்தம் எண்டு போடுறதுக்கு ஆள் உயிரோட இருக்கேலாது.”

சபை சிரித்தது. அக்காவும் சிரித்தார். “ஓம், அதுவும் சரிதான். அப்ப கொஞ்சம் பொறுங்கோ.”

‘சபை அடுத்த விடயத்துக்குச் சென்றது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

கடைசியாகக் கண்டது போன பள்ளிக்கூடத் தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது. பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பியவர், நடு ரோட்டில் நின்று மூச்சு வாங்கினார். சிவப்புத் துணி கையிலேயே தொங்கியது.

“ஆஸ்பத்திரியில ஒருக்கால் காட்டுங்கோவன் அக்கா.”

“மறிச்சு வைச்சிருப்பாங்கள் தம்பி. லீவு விடட்டும். பள்ளிக்கூட நாளில ஏலாது.”

லீவு விட்ட மூன்றாம் நாள் போனார். திரும்பி வரவில்லை...

நேற்று அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் பொதுமக்கள் பக்கத்திலிருந்து நான் எழும்பினேன். ஒன்பது வருடம் அதே மண்டபத்தில் சம்பளத்துக்கு இருந்தும் வாய் திறக்காதவன்.

“ஐயா, அக்கான்ர வேகத்தடை... இப்ப பேர் போடலாம்தானே?”

செத்தவீட்டுக்கு வந்திருந்த தம்பியாரும் அங்கே இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அழுதார். உண்மையாகத்தான் அழுதார்.

“என்ர அக்காவை நிலத்தில போடாதேங்கோ. நான் வளைவு கட்டித் தாறன்.”

சபை நன்றியோடு ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூட வாசலுக்கு நேரே, ரோட்டுக்குக் குறுக்காக வரப்போகிறது. டிப்பர்கள் தடையின்றிப் போய்வரக்கூடிய உயரத்தில் அமைய வேண்டும் என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் குறித்துக்கொண்டார்.

போய்வாருங்கோ அக்கா. நான் குத்திய சீல் ஒன்றும் உங்களுக்கு உதவவில்லை.

இன்று தவணையின் முதல் நாள். பஸ்ஸில் வந்த பிள்ளைகள் பதினாலு பேரும் தையல் கடைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடம் இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியது.